கதைக் கருவுக்கு நற்சான்றிதழ் கேட்போருக்கு

எமது இலக்கிய வட்டங்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. இளைய எழுத்தாளர் ஒருவர் கதை எழுதப் போவதாகச் சொன்னால் போதும், "எங்கே, கருவைச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மூத்தவர்கள் தராசைத் தூக்கிவிடுகிறார்கள். கருவைக் கேட்டு முடித்ததும் மூன்று கேள்விகள் வரும். இதனால் சமூகத்துக்கு என்ன பயன்? மற்றச் சமூகத்தவர் வாசித்தால் எம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கதை தரும் படிப்பினை என்ன? மூன்றுக்கும் ஒழுங்காக விடை சொன்னவர் தேறுகிறார். மற்றவர் "இன்னும் வாசியுங்கள் தம்பி" என்ற புத்திமதியோடு வீடு திரும்புகிறார். வேலைக்கு விண்ணப்பிப்பவன் கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் எடுப்பது போல, கதைக் கருவும் பிறக்கும் முன்பே நற்சான்றிதழோடு வரவேண்டும் என்று இவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

இந்த மூன்று கேள்விகளாலும் ஒரு கருவின் பெறுமதியை அறிய முடியாது என்பது என் வாதம். பெறுமதியான கருக்களைத் தேடிப்பிடித்துக் கழிப்பதற்கே இவை பயன்படுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளையொருத்தி சிறுகதைப் பயிலரங்கொன்றுக்கு ஒரு கருவை எழுதிக்கொண்டு போனாள். 2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். எங்கள் லுணுகலை போன்ற ஒரு சிறு நகரம். வீட்டில் அப்பாவுக்குக் காய்ச்சல். (எங்கள் பக்கத்தில் பாட்டனாரைத்தான் அப்பா என்போம்.) கொவிட்டில் மவுத்தானால் எரித்துவிடுவார்கள் என்பது அப்போது குழந்தைக்கும் தெரிந்த விடயம். 2020 மார்ச் கடைசியில் முதலாவது ஜனாஸா எரிக்கப்பட்டது, ஏப்ரலில் எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. "என்ன ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க மகள்" என்று அப்பா தன் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறார். வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு கொத்தமல்லியும் பனடோலும் கொடுக்கிறார்கள். பீ.எச்.ஐ. வந்து கேட்டபோது எல்லோரும் சுகம் என்கிறார்கள். அந்த வீட்டுக்கு உடுப்புக் கழுவ வரும் தோட்டத்துக் கிழவிக்கும் காய்ச்சல் பிடிக்கிறது. அப்பா எழும்பிவிடுகிறார். கிழவி எழும்பவில்லை. நடந்ததும் கற்பனையும் கலந்த கரு என்று அவள் சொன்னாள்.

பயிலரங்கில் இருந்தவர்கள் அதிர்ந்து போனார்களாம். "வைரஸைப் பரப்பியவர்கள் நாங்கள்தான் என்று சொன்னார்கள். நீங்களே அதற்குச் சாட்சி எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிறகு பரிவோடு திருத்தமும் சொல்லியிருக்கிறார்கள். கிழவியை எடுத்துவிடுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் மவுத்தாகட்டும், ஜனாஸாவை எரிக்கட்டும், குடும்பம் வாசலில் நின்று அழட்டும். அப்போதுதான் மனதைத் தொடும். அதாவது அந்தக் கருவில் கனமாக இருந்தது எதுவோ அதை இறக்கி வைத்துவிட்டு மீதியை எழுதச் சொன்னார்கள்.

அவர்களுடைய பயம் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். 2018 மார்ச்சில் திகன எரிந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அவற்றோடு எவ்விதத் தொடர்புமற்றவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் மே மாதத்தில் தாக்கப்பட்டன. 2020இல் நோயைக்கூட எமது கணக்கில் எழுதினார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு மனிதன் பேனாவை எடுக்கும்போது கை நடுங்குவது இயல்பு. நான் கேட்பது வேறு. இந்த எச்சரிக்கையால் எவராவது காப்பாற்றப்பட்டிருக்கிறார்களா?

அஹ்னாப் ஜஸீமை நினைத்துப் பாருங்கள். இளம் ஆசிரியர், கவிஞர், மன்னார்ப் பக்கத்தவர். 2017இல் 'நவரசம்' என்ற தொகுதியை வெளியிட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருந்தன. பயன், படிப்பினை, சமூகத்தின் நற்பெயர் என்று எமது மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் அது விசேட சித்தி பெறக்கூடிய நூல். 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்தார்கள். தமிழில் எழுதப்பட்ட கவிதைகள் மொழிபெயர்ப்பில் விசாரிக்கப்பட்டன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. கருவில் குறைவைத்து அவருக்கு இந்தத் துன்பம் வரவில்லை. பிடிக்க நினைப்பவன் எமது கருவின் நற்சான்றிதழைக் கேட்டு வாசித்துவிட்டுப் பிடிப்பதில்லை. அப்படியிருக்க, எவனோ ஒருவனுடைய சந்தேகத்துக்குப் பயந்து எமது பிள்ளைகளின் கதையிலிருந்து கிழவியை வெளியேற்றி நாம் கண்ட இலாபம் என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்றச் சமூகத்தவர் எமது சிற்றிதழ்களை வரிசையில் நின்று வாங்கி வாசிக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு என் ஸலாம். எம்மவரே சந்தா கட்டுவதில்லை.

பயிலரங்கில் சொன்ன அந்தத் திருத்தத்தின்படி எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று தேடிப் போகத் தேவையில்லை. ஜனாஸா எரிப்புப் பற்றி அந்த ஒரு வருடத்துக்குள் எம்மவர் எழுதிய கவிதைகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். தீ, சாம்பல், கபன், கண்ணீர், கடைசியில் ஒரு துஆ. எழுதியவர்களின் வலி உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெரிய நிகழ்ச்சி நடந்துவிட்டால் பெரிய கரு கிடைத்துவிட்டது என்ற மயக்கத்தில் எழுதியவை அவற்றில் அநேகம். பத்திரிகை சொன்னதற்கு மேல் ஒரு விபரமும் அவற்றில் இல்லை. 2020 டிசம்பரில் இருபது நாட் குழந்தையொன்றை எரித்த பின்பு, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் பல மதத்தவர்களும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டிய துணிகள் அகற்றப்பட்டன. வெள்ளைத் துணியை வைத்து எத்தனையோ கவிதைகள் வந்தன. அந்தத் துணிகளை அவிழ்த்தெடுத்த கை ஒன்று இருந்திருக்குமல்லவா? சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவனுடைய கை. அவன் அவற்றை என்ன செய்தான்? ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டு போனானா? இதை எழுதியவர் எவரும் என் கண்ணில் படவில்லை. செய்திக்கும் கருவுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்தது. கரு, எழுத உட்காருபவனுக்கே இன்னும் தெரியாத ஓரிடத்தைக் காட்டுவது.

பயன் என்ற கேள்வியை எழுப்புகிறவர்கள் சித்திலெப்பையின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. நல்லது, அவரையே எடுத்துக்கொள்வோம். கண்டியில் இருந்துகொண்டு கல்விக்காகவும் சீர்திருத்தத்துக்காகவும் வாழ்நாளைக் கொடுத்தவர். அந்த வேலைக்கு 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் நாவல் எழுத வந்தபோதோ, எகிப்திலே குழந்தைப் பருவத்தில் களவாடப்பட்ட ஒருவனின் கதையைப் பம்பாய், கல்கத்தா என்று ஓடவிட்டார். 'அசன்பே சரித்திர'த்தில் நற்போதனை இல்லாமலில்லை. என்றாலும் தலையங்கத்தையும் கதையையும் அவர் ஒரே அச்சில் வார்க்கவில்லை. இன்றைய பயிலரங்கில் அவர் வந்து கருவைச் சொல்லியிருந்தால், "களவுபோன பிள்ளையால் கண்டி முஸ்லிம்களுக்கு என்ன பயன் சேர்?" என்று கேட்டிருப்பார்கள்.

வைக்கம் முஹம்மது பஷீர் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். "கருவைச் சொல்லுங்கள்." "எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது." "சரி?" "அது நான் எழுதிய புத்தகங்களைத் தின்றுவிடுகிறது." 1959இல் வந்த 'பாத்துமாவின் ஆடு' இதுதான். ஒரு பெருங்குடும்பத்தின் வறுமை, தங்கைமார், மச்சான்மார், காசு கேட்டு நச்சரிக்கும் உறவு, எல்லாம் அந்த ஆட்டின் பின்னாலேயே நடந்து வருகின்றன. கருவாகச் சொன்னால் சிரிப்பார்கள். எழுதிய பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது.

படிப்பினை பற்றிப் பேச எனக்குத் தொழில்முறை உரிமை உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு முதலில் கற்பித்ததே, பாடக்குறிப்பில் நோக்கத்தை எழுதாமல் வகுப்பறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதுதான். இப்பாட முடிவில் மாணவர் இன்னதை அறிந்திருப்பர் என்று எழுதிவிட்டுத்தான் சுண்ணக்கட்டியைத் தொடவேண்டும். வகுப்பறைக்கு அது சரி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னம் படிப்பிக்கப் போகிறவனுக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். கதையின் முடிவில் இன்னதை அறிவர் என்று தெரிந்த பின் கதை எழுதப் போகிறவன் ஏன் எழுதவேண்டும்? அந்த ஒற்றை வசனத்தைச் சுவரில் எழுதி வைத்தால் தாளாவது மிச்சம். எமது எழுத்தாளர்களில் ஆசிரியர்கள் அதிகம். பாடக்குறிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கதைக் கொப்பிக்குள் வைத்துவிடுகிறோம் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

அப்படியானால் எல்லாக் கருவும் நல்ல கருவா? இல்லை. கழிக்க வேண்டியவை நிறைய. கழிப்பதற்கு எனக்கும் ஒரு முறை இருக்கிறது. கருவில் நீங்கள் மாத்திரம் அறிந்த விபரம் ஏதாவது உண்டா என்று பார்ப்பேன். அதில் வருகிற மனிதர்களில் யார் பக்கம் சரி என்பது எழுதத் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தால், கருவைத் தூக்கி ஒரு பக்கத்தில் வைத்துவிடச் சொல்வேன். இவற்றையும்கூட வாயால் சொல்லி அளக்க முடியாது. நான்கு பக்கம் எழுத வேண்டும். எழுதி ஒரு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறக்கும்போது அந்த மனிதர்கள் தாமாக ஏதாவது செய்ய முற்பட்டால் தொடரலாம். சொன்னதையே செய்துகொண்டு நின்றால் விட்டுவிடலாம்.

எங்கள் பகுதியில் கழிக்க வேண்டிய கருவுக்கு உதாரணம் தருகிறேன். பசறையிலிருந்து லுணுகலை வரைக்கும் பாதையின் இரு பக்கமும் தேயிலை. நகரத்தில் கடை வைத்திருப்போரில் எம்மவர் கணிசம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எழுத வந்தால் கொழுந்துக் கூடை, அட்டைக்கடி, லயத்துக் கண்ணீர் என்று எழுதுகிறார்கள். இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் லயத்துக்குள்ளே அவர்கள் போனதில்லை. அதை உள்ளேயிருந்து எழுதியவர் தெளிவத்தை ஜோசப். பதுளை மாவட்டத்துத் தோட்டத்திலே பிறந்து 2022இல் மறைந்தவர். 1979இல் வந்த 'நாமிருக்கும் நாடே' தொகுதியை எடுத்து வாசியுங்கள். தன் சனங்களின் வெட்கக்கேட்டையும் அவர் மூடி மறைக்கவில்லை. ஒற்றையறை லயத்தில் ஒரு குடும்பம் இரவில் படுக்கிற சங்கடத்தைக்கூட எழுதினார். அதனால் மலையக மக்கள் மானமிழந்து போகவில்லை.

எமது பிள்ளைகளுக்கு உள்ளேயிருந்து தெரிந்தது எது? வாப்பாவின் கடையில் மேசைக்குள் இருக்கும் கடன் கொப்பி. சம்பள நாளில் எந்தப் பெயருக்கு நேரே கோடு விழும், எது விழாது, 2022இல் மாவின் விலை ஏறிக்கொண்டே போனபோது யாருக்குக் கடன் நிறுத்தப்பட்டது, யாருக்கு நிறுத்த மனம் வரவில்லை, ஏன் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கின்றன. அதில் வாப்பா சிலவேளை நல்லவராகவும் சிலவேளை அப்படியல்லாதவராகவும் இருப்பார். இந்தக் கருவோடு எவராவது எமது வட்டங்களுக்கு வந்தால் அவரைக் காட்டிக்கொடுப்பவர் என்பார்கள். அதனால்தான் ஒருவரும் வருவதில்லை. அந்தக் கொப்பிகள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

அந்தப் பிள்ளை கிழவியை எடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கம் என்று தொடங்கி இப்போது பதினொன்று எழுதியிருக்கிறாள். எழுதிக்கொண்டு போனபோது அவளுக்கு ஒரு விடயம் இடறியது. தோட்டங்களிலும் அடக்கம் செய்கிற குடும்பங்கள் ஏராளம். தேயிலை மலைக்கு மேலே அவர்களுக்கென்று புதைகுழிக் காணி இருக்கிறது. கிழவியின் உடலைப் பரிசோதித்துக் கொவிட் என்று கண்ட பின், அவளையும் எரிக்கத்தானே வேண்டும்? எரிக்கப் பயந்து அப்பாவை ஒளித்து வைத்தார்கள். அந்த ஒளிப்பினால், புருஷனுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டிய கிழவி எரிந்து போனாள். 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் குழிகள் தோண்டப்பட்டபோது கிழவி இல்லை. பயிலரங்கில் கருவைச் சொன்ன அன்று இது அவளுக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்குத்தான் அங்கே தீர்ப்பு எழுதினார்கள்.

போட்டிகளும் பயிலரங்குகளும் நடத்தும் எமது அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அறிவித்தல் விடும்போது 'கருச்சுருக்கம் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்' என்ற வரியை வெட்டிவிடுங்கள். கதையின் முதல் நான்கு பக்கங்களைக் கேளுங்கள். சமூக நலன் சம்பந்தப்பட்ட கருக்களுக்கு முன்னுரிமை என்பதையும் எடுத்துவிடுங்கள். நடுவர்களுக்கு வாசிக்க வேண்டியது அதிகமாகும், தபாற் செலவும் கொஞ்சம் கூடும். நடுவர்களுக்கு இப்போது கொடுக்கும் பொன்னாடையை நிறுத்தினால் அந்தச் செலவு சரியாகிவிடும்.