படுக்கையோரப் பணிக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனங்கள் பலவும் 'சிறந்த ஊழியர்' விருது வழங்குகின்றன. நல்லதுதான். ஆனால், நோயாளியைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் உதவியாளருக்கு அடுத்த படி எது? பெரும்பாலும் செவிலியர் படிப்பு அல்லது அலுவலக மேசை. முன்னேற வேண்டுமெனில், தேர்ந்த வேலையை அவர் விட்டுவிட வேண்டும்.

இதற்கான செலவை ஏற்கும் அரசுக் காப்பீடான மெடிகேர், நாள் கணக்கில் பணம் தருகிறது. கடைசி ஏழு நாள்களில் செவிலியரோ சமூகப் பணியாளரோ நோயாளியின் வீட்டுக்குச் சென்றால், 2016 முதல் கூடுதல் தொகையும் உண்டு. உதவியாளரின் வருகைக்கு அது கிடையாது. அரசு கணக்கில் கொள்ளாத உழைப்பை நிறுவனம் சான்றிதழால் ஈடுசெய்யப் பார்க்கிறது! அந்தத் தொகையை உதவியாளருக்கும் நீட்டித்தால், அனுபவத்துக்கேற்ற ஊதியப் படிநிலையை அப்பணிக்குள்ளேயே உருவாக்குமாறு நிறுவனங்களிடம் கேட்கலாம்.