‘பெண்டு எடுத்தாப் போதும்ணே’

போன ஆடியில் ஒரு நாயைக் காப்பாற்றப் போய் என் பைக்கைச் சாலையின் நடுத் தடுப்பில் கொண்டுபோய் மோதினேன். நாய்க்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. வண்டியின் முன் சக்கரம் மட்டும் எஞ்சினோடு ரகசியம் பேசுகிற மாதிரி உள்வாங்கி நின்றது. கூட்டம் கூடியது. பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது ஒன்றேதான்: “ஒண்ணுமில்லண்ணே, ஃபோர்க் பெண்டு. லேத்துல குடுத்தா எடுத்துருவாங்க.” மீதி இருவர் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நானும் லேத்துக்குத்தான் போனேன். அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

ஃபோர்க் பைப்பை, அதைப் பிடித்திருக்கும் கவ்வியான டி-யிலிருந்து உருவவே முடியவில்லை. நேராக இருக்கும் பைப் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் கையோடு இறங்கிவிடும். என்னுடையதை மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் இறக்கினார்கள். பையன் ஒருவன் அதை இரண்டு இரும்புக் கட்டைகள் மேல் கிடத்தி, வளைந்த முதுகில் பிரஸ்ஸை இறக்கினான். டொக். புரட்டினான். மறுபடி டொக். பிறகு மாஸ்டர் வந்து பைப்பைத் துப்பாக்கி போல முகத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, டியூப்லைட்டைக் குறி பார்த்தார். “நூல் புடிச்ச மாதிரி இருக்கு.” இரண்டு பைப்புக்கும் சேர்த்து 700 ரூபாய். புதுசு வாங்கியிருந்தால் ஆகும் செலவை நினைத்து, மனசுக்குள் ஒரு டீ குடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து மாதத்தில் ஆயில் சீல் இரண்டு முறை மாற்றினேன். பிறகு ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. கடைசியில் எப்படியும் புது பைப்தான் வாங்கினேன். அதற்குள் அந்த 700 ரூபாய்ச் சிக்கனம் என்னிடமிருந்து விழுங்கியிருந்த தொகையில் இன்னொரு ஜோடி பைப் வந்திருக்கும்.

நம் ஊரில் இருசக்கர வண்டிகளைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் இதைப் போல ஆழமாக வேர்விட்டது வேறில்லை: வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்திவிட்டால் அது பழையபடி ஆகிவிடும், அதுதான் சிக்கனம். இரண்டு பாதியுமே தப்பு.

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? என் ஊகம், சைக்கிள் கடையிலிருந்து. சாதா சைக்கிளின் ஃபோர்க் சக்கரத்தைப் பிடித்து நிற்கிற கவைதான். அதற்குள் எதுவும் வழுக்கி ஓடுவதில்லை. வளைந்தால் கடைக்காரர் கால் வைத்து இழுத்து நிமிர்த்துவார். கொஞ்சம் கோணல் மிச்சமிருந்தாலும் சைக்கிள் ஓடும். அதே பேரை மோட்டார் சைக்கிளுக்கும் வைத்துவிட்டோம், அதே வைத்தியத்தையும் கொடுத்துவிட்டோம். மோட்டார் சைக்கிளின் ஃபோர்க் வேறு பிறவி. 1935-இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் எண்ணெயால் அதிர்வை அடக்கும் தொலைநோக்கிக் குழாய் ஃபோர்க்கைப் போட்டது. அன்று முதல் இன்றைய சாதா கம்யூட்டர் வண்டி வரை அடிப்படை அதேதான்: மேலே ஒரு மெருகேற்றிய எஃகுக் குழாய், கீழே அது போய் வரும் அலுமினிய பாட்டம், நடுவே எண்ணெய், அந்த எண்ணெயைக் காக்க ஒரு ரப்பர் உதடு. எல்லாம் அந்தக் குழாய் நேராக இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் ஓடுகின்றன.

எவ்வளவு நேர்? பல வண்டிகளின் சர்வீஸ் மேனுவல் கொடுக்கும் வரம்பு 0.2 மில்லிமீட்டர். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் இரண்டை அடுக்கினால் வரும் கனம். மாஸ்டரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒற்றைக் கண்ணால் இரண்டு தாள் கனத்தை அளக்கிற மனிதர் பிறக்கவில்லை. இதற்கென்றே வி-பிளாக்கும் டயல் கேஜும் இருக்கின்றன. குழாயை வி-பிளாக்கில் கிடத்திச் சுற்றினால் முள் ஆடும். முள் ஆடிய மொத்த அளவில் பாதிதான் உண்மையான வளைவு. நான் போன லேத்தில் டயல் கேஜ் இருந்தது. கடைசல் வேலைக்கு மட்டும். “ஃபோர்க்குக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?” என்றார்கள்.

சரி, டயல் கேஜ் வைத்தே நிமிர்த்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிரச்சினை தீராது. காற்றில் மடங்கிய குடைக் கம்பியை நிமிர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கம்பி நேராகிவிடும், அடுத்த காற்றில் அதே இடத்தில் மடங்கும். எஃகு ஓர் அளவு வரைதான் வளைந்து தானே திரும்பும். அதைத் தாண்டியதும் நிரந்தரமாக வளைகிறது. நிமிர்த்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கமும் அதே எல்லையைத் தாண்டித் தள்ள வேண்டும். ஆக அந்த இடம் இரண்டு முறை சித்திரவதைப்பட்டது. உள்ளே இழுவிசையும் அழுத்தமும் சிக்கிக் கிடக்கும். குழாயின் வட்டம் அந்த இடத்தில் கொஞ்சம் முட்டையாகியிருக்கும், அதைப் பிரஸ் திரும்ப வட்டமாக்காது. வளைந்த உள்குழாயை நிமிர்த்த முயலாதீர்கள், குழாய் ஆபத்தான அளவுக்குப் பலவீனமாகும் என்று யமஹா தன் மேனுவல்களில் எச்சரிக்கையாகவே போடுகிறது. நம் பட்டறைகளில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிப் பழுக்க வைத்து நிமிர்த்துகிறவர்களும் உண்டு. அவர்கள் பைப்பைத் திருப்பிக் கொடுப்பதைவிடத் தண்டவாளத்தில் வைத்துவிடலாம்.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது மேலே இருக்கிற குரோமியம். பளபளவென்று மின்னும் அந்தத் தோல் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். கல் மாதிரி கடினம், கல் மாதிரியே நொறுங்கும். குழாய் வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் சுருங்குகிறது. எஃகு தாங்கும், குரோமியம் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். நிமிர்த்தும்போது கீறல் மூடிக்கொண்ட மாதிரி தெரியும், நகத்தால் வருடிப் பாருங்கள், சிக்கும். மழையில் அதன் வழியே துரு இறங்கும். பாட்டம் அந்த இடம் வரை ஏறும் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் துருவேறிய விளிம்பு சீலின் ரப்பர் உதட்டை அரம் மாதிரி தேய்க்கும். என் வண்டியில் ஐந்து மாதத்தில் இரண்டு முறை சீல் போனது இதனால்தான். மெக்கானிக் இரண்டு முறையும் சீல் கம்பெனியைத் திட்டினார்.

“ஆயிரம் வண்டி பெண்டு எடுத்து ஓடுது, என்ன ஆயிடுச்சு?” இந்தக் கேள்வி வரும், வரட்டும். நிமிர்த்திய குழாய் படக்கென்று முறிந்து விழுவது அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். பயமுறுத்திக் காரியம் சாதிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் முறிவதுதான் கெடுதல் என்று யார் சொன்னது? நேராக மோதிய வண்டியில் குழாய் பெரும்பாலும் கீழ் டி-க்குச் சற்றுக் கீழேதான் வளையும். சும்மா ஓட்டும்போது பாட்டம் அவ்வளவு மேலே ஏறாது; ஆகவே எதுவும் தெரியாது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒரு பள்ளத்தில் இறங்கும்போதுதான் அது மேலே வரும், கோணல் இருக்கிற இடத்தைத் தொடும், சிக்கும். எந்த நொடியில் ஷாக்கப் வேலை செய்ய வேண்டுமோ அந்த நொடியில் செய்யாது. கீழே விழுந்தவர் “மணல்ல சறுக்கிடுச்சு” என்பார். ஃபோர்க்கின் மேல் ஒரு புகாரும் பதிவாகாது.

கொடுமை என்னவென்றால், இதே நம்பிக்கை வளையாத ஃபோர்க்குக்கும் பெண்டு எடுக்க வைக்கிறது. மெதுவாகப் போய்ச் சாய்ந்து விழுந்த வண்டியை நிமிர்த்திப் பாருங்கள்: ஹேண்டில்பார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். உடனே “ஃபோர்க் பெண்டு” என்று தீர்ப்பு. பல நேரம் குழாய்கள் டி-யின் பிடிக்குள் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முன் அச்சின் நட்டையும் டி-யின் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். வண்டிக்கு முன்னால் நின்று சக்கரத்தை இரு முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நேரானதும் நாலு முறை அமுக்கி எழுப்பி, எல்லாவற்றையும் திரும்ப முறுக்குங்கள். அரை மணி நேரம், பத்துப் பைசா செலவில்லை. ஸ்பேனர் கிடைக்காவிட்டால் பக்கத்து மெக்கானிக்குக்கு ஒரு டீ.

முறுக்கா, வளைவா என்று எப்படித் தெரியும்? பைப்பைக் கழற்றித் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். கண்ணாடிக் கடையில் வெட்டிப்போட்ட துண்டு போதும். நேரான பைப் சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது நொண்டும், ஒவ்வொரு சுற்றிலும் அடியில் வெளிச்சம் ஒரு கீற்றாக வந்து வந்து போகும். டயல் கேஜுக்கு இது ஈடாகாதுதான், டியூப்லைட்டைக் குறி பார்ப்பதற்கு எவ்வளவோ மேல். ஒரு பைப் மட்டும் நொண்டினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சீல்களை மட்டும் ஜோடியாக மாற்றி, எண்ணெயை இரு பக்கமும் ஒரே அளவில் ஊற்றுங்கள். சிறு வண்டிகளில் ஒரு காலுக்கு 200 மில்லி கூடப் பிடிக்காது. அதற்குப் போய்ப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்களை என்ன சொல்ல.

இங்கே ஷோரூம்காரர்களையும் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் லேத் கடைக்கு ஆள் அனுப்புவதே அவர்கள்தான். லேத்துக்கு முன்னால் நான் போன ஷோரூமில் கவுன்டரில் இருந்த தம்பி எஸ்டிமேட்டில் ‘ஃபோர்க் அசெம்பிளி’ என்று இரண்டு வரி தட்டினார். பாட்டம், ஸ்பிரிங், உள்ளே இருக்கும் சீட் பைப் எல்லாம் சேர்த்து, முழுசாக. தொகையைப் பார்த்த எவரும் நேராக லேத்துக்குத்தான் ஓடுவார். ஆனால் பார்ட்ஸ் கேட்டலாகில் ஃபோர்க் ஒரே பொருளாக இல்லை. பைப்புக்குத் தனி எண், பாட்டத்துக்குத் தனி எண், சீலுக்குத் தனி எண். மோதலில் பெரும்பாலும் கெடுவது பைப் மட்டும்தான். “பைப் மட்டும் தாங்க” என்று கேட்கத் தெரியாததால்தான் நாம் முழு செட்டின் விலைக்குப் பயந்து 700 ரூபாய்க்கு விழுகிறோம்.

காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பலர் இதை “அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு” என்று புரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும். அதைப் புதுப்பித்து வைத்தவர்களுக்கு 2 வருடம் தாண்டி 3 வருடத்துக்குள் இருக்கும் வண்டியில் உலோகப் பாகத்துக்கு 15 சதவீதம் கழிவு போக மீதி வரும். ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதிதான். க்ளெய்ம் வாங்கினால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும் என்பதையும் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பைப்புக்குக் கேட்பது கட்டாது.

பழுதுபார்க்கும் பழக்கத்துக்கு நான் எதிரியில்லை. தையல் பிரிந்த செருப்பைக்கூடத் தைத்துப் போடுகிறவன்தான். அதனால்தான் கோபம் வருகிறது. ஃபோர்க்கில் பழுதுபார்க்க முடிந்தவை எத்தனையோ இருக்க, முடியாத ஒன்றில் காசைக் கொட்டுகிறோம். நேரான பைப்பில் துருப்புள்ளி விழுந்திருந்தால் எம்-சீல் போன்ற எபாக்சியை நிரப்பி, காய்ந்ததும் நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து ஓட்டலாம், நன்றாகவே ஓடும். சீல் ஒழுகினால் உடனே மாற்ற வேண்டியதில்லை. டஸ்ட் சீலைத் தூக்கிவிட்டு, பழைய கேமரா ஃபிலிம் துண்டைச் சீலுக்கும் பைப்புக்கும் நடுவே விட்டுச் சுற்றி வழித்தால் சிக்கியிருந்த மண் வெளியே வரும். பல ஒழுகல்கள் அதோடு நின்றுவிடும். குரோமியம் தேய்ந்த, ஆனால் நேரான பைப்பை சென்னை அம்பத்தூர் பக்கம் ஹார்டு குரோம் போடும் பட்டறைகளில் கொடுத்து மறுபடி பூசிக் கடையலாம். அபூர்வமான பழைய வண்டிக்கு அது நியாயமான செலவு. ஏன், பைப் மயிரிழை அளவுக்குத்தான் வளைந்திருக்கிறது, மடிப்பில்லை, கீறலில்லை, டயல் கேஜ் வைத்துக் குளிர்ந்தபடியே நிமிர்த்துகிற ஆள் கிடைத்தார், புதுப் பைப் உலகத்திலேயே கிடைக்காது என்றால், அப்போது நிமிர்த்துங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கம்யூட்டர் வண்டிக்கு, அடுத்த தெருவில் பைப் கிடைக்கும்போது எதற்கு?

புதுசு வாங்கக் கட்டவில்லை என்றால் பழசு இருக்கிறது. அடுத்த முறை நண்பர் ஒருவரின் வண்டிக்காகப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். பையில் துணி சுற்றிய கண்ணாடித் துண்டு. கடைக்காரர் ஓர் அடுக்கிலிருந்து ஆறு பைப் எடுத்துப் போட்டார். ஆறுமே பளபளத்தன. நான் தரையில் உட்கார்ந்து கண்ணாடியை விரித்து ஒவ்வொன்றாக உருட்டினேன். இரண்டு வழுக்கிக்கொண்டு ஓடின. நாலு நொண்டின. அந்த நாலில் ஒன்றைப் பிரஸ்ஸில் நிமிர்த்தியிருந்தார்கள். டி-க்குக் கீழே வரும் இடத்தில் நகம் சிக்கியது.

“இது பெண்டுண்ணே” என்றேன்.

“பெண்டுன்னா என்ன தம்பி, எடுத்துக்கலாம்ல” என்றார்.

நல்ல இரண்டுக்கும் பணம் கொடுத்து எழுந்தேன். அவர் நான் கழித்த நாலையும் வேஷ்டி முனையால் துடைத்து, மறுபடி அதே அடுக்கில் செருகிக்கொண்டிருந்தார்.