திருடன் யார்?

கிம்பர்லி நகரில் வைரம் திருடியதாகத் தண்டனை பெற்றோர் எண்ணற்றோர். அவர்களில் பலரைக் கேப் டவுன் சிறைக்கு அனுப்பி, துறைமுக அலைதடுப்புச் சுவருக்குக் கல் உடைக்க வைத்தது அன்றைய அரசு. ஏடுகளில் அவர்கள் இன்றும் திருடர்களே. அவர்களைக் காட்டிக்கொடுத்த டி பியர்ஸ் நிறுவனமோ தொழில் மேதைமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்படுகிறது. இவ்வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தாக வேண்டும்.

முதலில் நிலம். வைரம் கிடைத்த பகுதி தம்முடையதென்றார் கிரிக்குவா மக்களின் தலைவர் நிக்கோலாஸ் வாட்டர்போயர். 1871இல் நடுவராக அமர்ந்த நட்டால் துணை ஆளுநர் கீட் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். போயர்களுக்கு அஞ்சி வாட்டர்போயர் நாடியது பிரித்தானியரின் பாதுகாப்பை. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்குக் கிடைத்தது நாட்டு இணைப்பு. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க ஆகாபுக்குப் பொய்ச்சாட்சிகளாவது தேவைப்பட்டனர். இங்கே தீர்ப்பு சாதகமாக இருந்தும் நிலம் போயிற்று.

பிறகு சட்டம் வந்தது. 1872இல் கறுப்பினத் தொழிலாளர் அனுமதிச் சீட்டின்றி நடமாடலாகாது என்றாயிற்று. 1882ஆம் ஆண்டின் வைர வணிகச் சட்டமோ, கையில் கல் வைத்திருப்பவனே தன் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. நிலத்தை வைத்திருந்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்க எச்சட்டமும் இயற்றப்படவில்லை!

ஆடை களைந்து சோதிப்பதை எதிர்த்து 1884இல் வெள்ளைத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் வெள்ளையருக்குச் சோதனை தளர்ந்தது, கறுப்பருக்கு இறுகியது. 1885 முதல் அவர்களுக்கென மூடிய வளாகங்கள் எழுந்தன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தொழிலாளி வெளியே வர இயலாது. வளாகத்திலிருந்து சுரங்கத்துக்குச் செல்லும் வழியும் அடைக்கப்பட்டது. கல்லை வெளியே எறிந்துவிடக் கூடாதென்று மேலேயும் கம்பிவலை விரித்தார்கள். வானத்துக்கும் பூட்டு! ஒப்பந்தம் முடிந்த பின்னும் விடுதலை இல்லை. பல நாள் தனியறையில் ஆடையின்றி அடைத்து, விரல்கள் இயங்காதபடி கைகளில் தோலுறை பூட்டி, பேதிமருந்து கொடுத்து, மலத்தையும் அலசிப் பார்த்தனர். உழைத்தவனின் குடலைக்கூட நம்பாத நிறுவனத்தைச் செசில் ரோட்ஸ் 1888இல் ஒருங்கிணைத்தார். போட்டி நிறுவனத்தை வாங்க 1889இல் அவர் கொடுத்த காசோலை 53,38,650 பவுண்டு. உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்துவதே இந்த இணைப்பின் நோக்கம். ஆகவே வைரத்தின் அருமையில் ஒரு பகுதி இயற்கை தந்தது, மறுபகுதி கணக்கர்கள் தந்தது.

வளாகத்தில் குடி இல்லை, மருத்துவமனை உண்டு, மறைபோதனைக்கும் இடமுண்டு என்று பாராட்டிய மறைப்பணியாளர்களும் அக்காலத்தில் இருந்தனர் என்பது வருத்தத்திற்குரியது. வெளியேற முடியாதவர்களுக்குப் போதிப்பது எளிதுதான்.

விரும்பித்தானே வேலைக்கு வந்தார்கள் என்பர். நிலமிழந்தவனின் விருப்பம் எத்தகையது? அதுவும் போதாதென்று, கேப் குடியேற்றத்தின் முதலமைச்சராகவும் இருந்த ரோட்ஸ், 1894இல் கிளென் கிரே சட்டத்தைக் கொண்டுவந்தார். வெளியே கூலிவேலைக்குச் செல்லாத ஆண்களுக்குப் பத்து ஷில்லிங் வரி. முதலாளியே முதலமைச்சரானால் விருப்பத்தையும் சட்டத்தாலேயே உண்டாக்கலாம் அன்றோ?

அவர் பெயரால் கல்வி உதவித்தொகை வழங்கப்படுகிறதே என்பது அடுத்த வாதம். மாணவர் பயனடைந்ததை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஈகையைப் போற்றுமுன், அள்ளிக் கொடுத்த பொருள் யாருடையது என்று கேட்பதில் தவறில்லை. 2015இல் கேப் டவுன் பல்கலைக்கழக மாணவர் ரோட்ஸின் சிலையை அகற்றச் செய்தபோது, வரலாற்றை அழிக்கிறார்கள் என்று கண்டித்தவர்கள் பலர். கம்பிவலை விரித்த வளாகங்களும் வரலாறே; அவற்றைச் சிலையில் வடித்திருக்கவில்லை.

கிம்பர்லிச் சுரங்கங்களை டி பியர்ஸ் 2016இல் பிறருக்கு விற்றுவிட்டது. அந்த நிலத்தை விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி 1871லேயே நிற்கிறது.