வெயிட்டேஜ் பட்டியலை நம்பலாமா?

2024 நீட் தேர்வில் முதலில் 67 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். கருணை மதிப்பெண் ரத்தாகி, ஒரு இயற்பியல் வினாவின் விடையும் திருத்தப்பட்ட பிறகு அது 17 பேராகக் குறைந்தது. அடுத்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண் 686. பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண்ணும் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. இரண்டு ஆண்டும் பாடத்திட்டம் ஒன்றுதான். மாறியது வினாத்தாளின் கடுமை. கூடவே, விருப்ப வினாக்களும் கூடுதலாகக் கிடைத்துவந்த 20 நிமிடமும் போயின. அந்த அறிவிப்பே தேர்வுக்குச் சில மாதங்கள் முன்புதான் வந்தது. இப்படி ஆண்டுக்கு ஆண்டு குணம் மாறும் தேர்வுக்கு, முந்தைய வினாத்தாள்களை எண்ணிப் பார்த்து 'இந்தப் பாடத்துக்கு வெயிட்டேஜ் குறைவு, விட்டுவிடலாம்' என்று முடிவெடுப்பது மாணவர்களிடம் பரவியிருக்கும் வழக்கம். இது கணக்குக்கே ஒத்துவராத உத்தி என்பது என் கருத்து.

ஒவ்வொரு பாடத்திலும் இத்தனை வினா வரும் என்று எந்த அமைப்பும் உறுதி தருவதில்லை. உறுதியாகத் தெரிவது மூன்று பாடப்பிரிவுகளின் பங்கு மட்டுமே: 180 வினாக்களில் உயிரியல் 90, இயற்பியலும் வேதியியலும் தலா 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறுக்கு 1 குறையும். ஒன்றுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குறித்தால், பல வினாக்களின் சராசரியில் கிடைப்பது கால் மதிப்பெண். தவறான இரண்டு விடைகளைக் கழித்துக்கட்டும் அளவுக்குத் தெரிந்திருந்தால் அதே சராசரி ஒன்றரை ஆகிறது. அரைகுறையாகத் தெரிந்த பாடத்துக்கும் விலை உண்டு என்பதையே இது காட்டுகிறது. அறவே திறக்காத பாடத்துக்குத்தான் ஏறக்குறைய விலையே இல்லை. தவிர, பாடங்கள் தனித்தனித் தீவுகளும் அல்ல. வேலை, ஆற்றல் பாடத்தை ஒதுக்கியவர் சுழற்சி இயக்கத்திலும் ஈர்ப்பியலிலும் திணறுவார். ஒரு பாடத்தை விட்டால் மூன்று வினா போகும் என்று பட்டியல் சொல்லலாம். உண்மை இழப்பு அதைவிடக் கூடுதல்.

எல்லாவற்றையும் படிக்க நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர் மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வை முடித்துவிட்டு மே முதல் வாரத்தில் நீட் எழுத வேண்டும். இரண்டு விதப் புத்தகங்கள், ஒரே பொழுது. ஆண்டு முழுதும் கோச்சிங்கிலேயே இருக்கும் ரிப்பீட்டரோடுதான் அவருக்குப் போட்டி. இதில் அநியாயம் இருக்கிறது, அதை மாணவரால் சரிசெய்ய முடியாது. ஆனால் நேரக்குறைவு எதை முதலில் படிப்பது என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும், எதைக் கைவிடுவது என்பதை அல்ல. பாதி மதிப்பெண்ணைத் தாங்கும் உயிரியலை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் வரிவரியாக முதலில் முடிக்கலாம். மற்ற இரண்டிலும் எல்லாப் பாடங்களின் அடிப்படையையும் ஒரு சுற்று தொட்ட பிறகு, தன் மாதிரித் தேர்வுகளில் எங்கே தவறு குவிகிறதோ அங்கே ஆழமாகப் போகலாம். அந்தத் தவறுகளின் கணக்கு அவருடையது. அச்சடித்த வெயிட்டேஜ் பட்டியல் யாருக்கோ பொதுவானது.

2025 இயற்பியலைப் பார்த்து மிரண்டவர்கள் வேறொன்று சொல்வார்கள்: இனிக் கடினமான கணக்குப் புத்தகங்களே கதி என்று. அதுவும் முடிந்துபோன ஆண்டைத் துரத்துவதுதான். 2024 மாதிரியான தாள் மறுபடி வந்தால், உயிரியலில் கவனக்குறைவாக விட்ட இரண்டு வினா தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்களைப் பறிக்கும். தாள் கடினமாக இருந்தால் எல்லோருக்குமே கடினம். இடம் கிடைப்பது தரவரிசையால். அன்றைக்குக் கைகொடுப்பது எல்லாக் கணக்கையும் போடும் திறமையைவிட, எந்தப் பத்துக் கணக்கைத் தொடாமல் தாண்டுவது என்று சட்டென முடிவெடுக்கும் பழக்கம். ஆகவே மாதிரித் தேர்வுகளையும் ஒரே கடுமையில் வைக்கக் கூடாது. ஒரு வாரம் 2024 போல எளிதாக, மறுவாரம் 2025 போல முரடாக, எது வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாமல் வைக்க வேண்டும்.