மருந்து இலவசம், சோதனைக்கு வருவது யார்?

2009-ம் ஆண்டு குஜராத்தின் மோடாசா என்ற சிறு நகரம் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கானோரை ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் கல்லீரல் நோய் தாக்கியது, பலர் மாண்டனர். ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவருக்கும் போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது.

மோடாசாவில் நோய் சீறி வந்ததால் அரசின் கண்ணில் பட்டது. நாட்பட்ட நோயின் குணம் வேறு. கிருமி ரத்தத்தில் வருஷக்கணக்கில் ஓசையின்றித் தங்கும். வலி இராது, மஞ்சள் காமாலையும் தெரியாது. வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும். சிலருக்குப் புற்றுநோயே கண்டிருக்கும். 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

அரசு சும்மா இருக்கவில்லை. குழந்தைகளுக்கான தடுப்பூசி 2011-ல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் சோதனையும், டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளும் இலவசம்.

இடையில் விடுபட்டவர் உழைக்கும் வயதினர். இவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்தில் இந்தத் தடுப்பூசியைக் காணாதவர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் கூலி போகும். நோய் என்று தெரிந்தால் வேலை போகுமோ, அறையில் உடன் இருப்பவர்கள் தட்டைத் தனியே வைப்பார்களோ என்ற அச்சம் வேறு.

அச்சத்துக்கு ஆதாரமில்லை. சேர்ந்து உண்பதாலோ, கை குலுக்குவதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய் ஆகியவையே வழிகள். சுத்தம் செய்யாத ஊசியும், பலருக்குப் போட்ட சலூன் பிளேடும் ஆபத்தானவை.

ஒரு ரத்தச் சோதனை போதும், கிருமி உண்டா என்று தெரிந்துவிடும். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர் ஆறு மாதத்தில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். கிருமி உள்ள எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. அதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால் காலாகாலத்தில் சோதனை அவசியம். மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும். அடியோடு ஒழிப்பது அரிது. எனவே தொடங்கிய மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

மருந்தைக் கிடங்கில் வைத்துக்கொண்டு நோயாளியை எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை. ஆலை வாசலிலும் கட்டிட வேலைத் தளத்திலும் மாலை வேளையில் சோதனை முகாம்கள் நடத்தப்பட வேண்டும். ஒரு நாள் கூலியா, கல்லீரலா என்ற நிலைக்கு உழைப்பாளியைத் தள்ளலாகாது.