மூன்றாம் படியிற் கைவிடும் சட்டம்

ஒரு சட்டம் உரிமை வழங்குகின்றதா, சலுகை வழங்குகின்றதா என்பதை அதன் முகவுரையைப் படித்து அறிய முடியாது. வழங்கப்பட்டது மறுக்கப்படும்போது, மறுத்தவரை நீதிமன்றின் முன் நிறுத்தி விடை கேட்க முடியுமா என்பதே வினா. முடியுமாயின் அஃது உரிமை. முடியாதாயின் அது தயவு. சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு பணம் அளிப்பதற்கென ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டத்தை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். படையினருக்கு உயிர்காக்கும் பயிற்சி அளிக்கும் கருவிகளும் புதிய மருத்துவக் கருவிகளும் அச்சட்டத்தின் நிழலில் உருவாகின்றன. ஆதலின் இது வணிகரின் வழக்கு மட்டுமன்று, உயிர்களின் வழக்குமாகும்.

இது மிகையான கூற்றன்று. 2001 முதல் 2011 வரை போர்க்களத்திற் காயமுற்று மாண்ட 4,596 அமெரிக்கப் படையினரின் மரணங்களை ஆராய்ந்த இராணுவ மருத்துவர்கள் 2012இல் தம் முடிவை வெளியிட்டனர். மாண்டோரில் நூற்றுக்கு 87 பேர் மருத்துவ நிலையத்தை அடையுமுன்னரே இறந்தனர். அவ்வாறு இறந்தோருள் 976 பேர் பிழைத்திருக்க வாய்ப்புடையவர்கள். அந்த 976 பேருள் பத்தில் ஒன்பது பேரைக் கொண்டு சென்றது இரத்தப்போக்கு. குண்டுபட்டவனைக் குருதி வடிந்து சாகாமற் காக்கக் கூடியவன் யார்? அவனருகே நிற்கும் தோழனே. அத்தோழனின் கைக்குப் பழக்கம் வேண்டும். குருதி பெருகும், மூச்சுத் திணறும் செயற்கை உடல்களைக் கொண்டு அவனைப் பழக்க வேண்டும். இத்தகைய கருவிகளை வாங்குவோர் சிலர். போர் விமானத்திற் கிடைக்கும் இலாபம் பயிற்சிப் பொம்மையிற் கிடைப்பதில்லை. எனவே, பெருங் கம்பனிகள் திரும்பிப் பாராத இத்துறையிற் சிறு நிறுவனங்களின் உழைப்பு இன்றியமையாததாகின்றது.

அச்சிறு நிறுவனங்களுக்குக் கை கொடுக்க வந்ததே இச்சட்டம். அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தில் றோலண்ட் திபெற்ஸ் என்னும் அலுவலர் 1977இல் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, 1982 யூலை 22இல் சனாதிபதி றீகனின் கையொப்பத்தோடு நாடளாவிய சட்டமாயிற்று. வெளியாருக்கு அளிக்கும் ஆராய்ச்சிப் பணம் ஆண்டுக்கு 10 கோடி டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு திணைக்களமும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும். அப்பங்கு 2017ஆம் நிதியாண்டு தொட்டு நூற்றுக்கு 3.2 என்று வகுக்கப்பட்டது. 500 பேருக்கு மேற்படாத ஊழியரைக் கொண்ட நிறுவனமே சிறு நிறுவனம் எனப்படும். இவ்வழியே மிகுதியான பணத்தை வழங்கிவந்தது பாதுகாப்புத் திணைக்களம். அடுத்து நிற்பது சுகாதாரத் திணைக்களம்.

ஏற வேண்டிய படிகள் மூன்று. முதற் படியில், எண்ணம் நடைமுறைக்கு ஏற்றதா என்று சோதிக்கப்படும். இரண்டாம் படியில், மாதிரிக் கருவி உருவாக்கப்படும். இவ்விரு படிகளுக்கும் 2011ஆம் ஆண்டுச் சட்டம் முறையே 1,50,000 டொலரையும் 10 இலட்சம் டொலரையும் வழிகாட்டும் அளவாக வகுத்தது. விலைவாசிக்கேற்ப அவை பின்னர் உயர்த்தப்பட்டன. மூன்றாம் படியிற் கருவி சந்தைக்கும் படைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆனால் அப்படிக்கு இத்திட்டத்தில் ஒரு சதமும் இல்லை. வேறு பணத்திலிருந்து திணைக்களம் வாங்கினால் வாங்கலாம். வாங்காவிடின் நிறுவனம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்திட்டம் பயன் தரவில்லை என்று எவரும் கூற முடியாது. புளோரிடா மாநிலத்தின் ஒர்லண்டோ நகரிலிருந்த ஓட்டோனமஸ் டெக்னோலஜீஸ் என்ற சிறு நிறுவனம், ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சியோடு தொடர்புடைய லேசர் ராடார் நுட்பத்தை இப்பணத்தின் துணையோடு வளர்த்தது. விரைந்தோடும் பொருளைத் தொடரும் அதே நுட்பம், சத்திரசிகிச்சையின்போது அசையும் கண்விழியைத் தொடரும் கருவியாக மாறியது. 1998இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அழிவுக்கெனத் தேடிய அறிவு பார்வையைத் திருத்தும் அறிவாயிற்று. பொதுப் பணம் பொது நன்மையாகத் திரும்பியமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும், எல்லா நிறுவனத்துக்கும் இந்நல்லூழ் வாய்ப்பதில்லை. இங்கேதான் சட்டத்தின் சொற்களை உற்று நோக்க வேண்டும். கருவியை உருவாக்கிய சிறு நிறுவனத்துக்கே மூன்றாம் படி ஒப்பந்தம் “நடைமுறையில் இயன்ற மட்டும்” வழங்கப்படல் வேண்டும் என்பது சட்டம். இயன்றதா இயலாததா என்று தீர்மானிப்பவர் யார்? கொடுக்க வேண்டிய திணைக்களமே! சட்டச் சொற்களின் எடையறிந்த நம் வாசகர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நைற் விஷன் கோப்பரேஷன் என்ற சிறு நிறுவனம் இதன் பொருளை நீதிமன்றிற் கற்றுக்கொண்டது. இரவில் விமானமோட்டுவோர் அகன்ற காட்சியைக் காண உதவும் கண்ணாடிகளை, விமானப்படையோடு செய்த முதலிரு படி ஒப்பந்தங்களின் கீழ் அது உருவாக்கியது. பின்னர் விமானப்படை, அந்நிறுவனத்தின் கீழ் உபஒப்பந்தகாரராக மாதிரிக் கருவி செய்த இன்னொரு நிறுவனத்துக்கே அடுத்த ஒப்பந்தத்தை அளித்தது. முன்னதன் வழக்கு 2005இல் தோற்றது. 2006இல் மேன்முறையீடும் தோற்றது. மூன்றாம் படி ஒப்பந்தத்தைக் கட்டாயம் அந்நிறுவனத்துக்கே வழங்குமாறு சட்டம் கட்டளையிடவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். நீதிபதிகளை நோவதிற் பயனில்லை. இல்லாத சொல்லை அவர்கள் எப்படி வாசிப்பார்கள்? ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு வைத்தது சட்டமன்றமே.

2011ஆம் ஆண்டுத் திருத்தம் முன்னுரிமையைச் சற்று உறுதியாக்கிற்று. ஆனால் “இயன்ற மட்டும்” என்ற சொற்றொடர் அசையாமல் நின்றது. திணைக்களம் வேறொருவரிடம் செல்லுமாயின், சிறு தொழில் நிருவாகம் அத்திணைக்களத்திடமே முறையிடலாம். முடிவு கூறுபவரும் அத்திணைக்களத்தின் மேலதிகாரியே. தன் வழக்கில் தானே நீதிபதியாவது எந்த நீதி நூலுக்கு ஒத்தது?

மறுதரப்பு வாதத்தையும் நாம் புறக்கணிப்பதற்கில்லை. மக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் திணைக்களம் சிறந்த கருவியைக் குறைந்த விலையில் வாங்க வேண்டாமா என்று கேட்கின்றனர். வேண்டும். சில நிறுவனங்கள் கருவி எதனையும் விற்காமல், முதலிரு படிகளின் பணத்தைப் பெற்றே ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன என்கின்றனர். அக்குறையும் உண்மையே. ஆனால் மூன்றாம் கதவைப் பூட்டிவிட்டு, முதலிரு அறைகளிலேயே தங்கிவிட்டார்கள் என்று பழிப்பது எவ்வாறு பொருந்தும்? குறைந்த விலை வேண்டுவோர் காரணத்தை எழுத்திற் கூறட்டும். அக்காரணம் வெளியார் ஒருவரின் சோதனைக்கு உட்படட்டும். நியாயமான காரணம் உடையவர் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இப்பிணக்கு வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை. பல முறை பணம் பெறும் நிறுவனங்களுக்கு வரம்பு விதிக்க வேண்டும் என்று செனற்றர் ஜோனி ஏர்ன்ஸ்ற் ஒரு பக்கமும், அவ்வரம்பை எதிர்த்துச் செனற்றர் எட் மார்க்கி மறுபக்கமும் நிற்க, 2025 செப்டம்பர் 30ஆம் நாள் திட்டத்தின் அதிகாரமே காலாவதியாயிற்று. 1982இல் தொடங்கிய திட்டம், உரிய நாளிற் புதுப்பிப்பாரின்றி நின்றது. குறித்த காலத்துக்கே உயிருள்ள சட்டத்தை நம்பிச் சிறு நிறுவனம் ஆட்களைச் சேர்க்கின்றது, கடன் வாங்குகின்றது. திணைக்களம் காத்திருக்கலாம், மாதச் சம்பளம் கொடுக்க வேண்டிய இருபது பேர் நிறுவனம் காத்திருக்க முடியுமா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஒன்று, கருவியை ஆக்கியவரைத் தள்ளிப் பிறரிடம் செல்லும் திணைக்களம் காரணத்தை எழுத்திற் கூறக் கடமைப்பட வேண்டும். இரண்டு, அக்காரணத்தைச் சோதிக்கும் அதிகாரம் சுயாதீனமான நீதிமன்றுக்கு இருத்தல் வேண்டும். மூன்று, உயிர்காக்கும் பயிற்சிக்கும் மருத்துவத்துக்குமுரிய கருவிகளுக்கு மூன்றாம் படியிற் சோதனைச் செலவேனும் ஒதுக்கப்படல் வேண்டும். நான்கு, சட்டம் நிரந்தரமாக்கப்படல் வேண்டும்.

பொதுமக்கள் பணத்திற் பிறந்த கருவி அலமாரியிற் கிடக்க, அதனாற் காக்கப்பட வேண்டியவன் மண்ணிற் கிடப்பானாயின், அதற்கு விடை கூற வேண்டியவர் யார்? இன்றுள்ள சட்டத்தின்படி எவருமில்லை. விடை கூற ஒருவரை நிறுத்துவதே திருத்தத்தின் முதல் வேலை. அதுவரை அச்சட்டம் கொடுப்பது உரிமையன்று, தயவே.