யாருக்கு நார்மல்?

காலாப்பட்டில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 78, எடை 46 கிலோ. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று டிகாக்ஸின் மாத்திரை கொடுத்தார்கள். தினம் 0.25 மில்லிகிராம். மூன்றாம் வாரம் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு வாசனைக்கே குமட்டியது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். நானும்தான் சொன்னேன். நாடித் துடிப்பு 44-க்கு இறங்கிய பிறகே தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் டிகாக்ஸின் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது.

மாத்திரை எழுதியவரைக் கேட்டேன். "கிரியாட்டினின் 1.0 சார், நார்மல்தானே" என்றார்.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். யாருக்கு நார்மல்?

டிகாக்ஸினில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. கிரியாட்டினினோ தசையிலிருந்து வருவது. தசை வற்றிய கிழவிக்கு அது குறைவாகவே உண்டாகும். சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே காட்டும். இதற்காகவே 1976-லிருந்து காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் இருக்கிறது. 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அக்காவுக்கு வருவது 34. அதே 1.0 உள்ள 30 வயது, 60 கிலோ பெண்ணுக்கு 78. ஒரே ரிப்போர்ட், ஆனால் மருந்தை வெளியேற்றும் திறனில் பாதிக்கும் மேல் வித்தியாசம்!

பச்சைக் குழந்தைக்கும் சிறுநீரகம் முழு பலத்துக்கு வந்திருக்காது. அதற்கு ஒரு வருடமாவது ஆகும். குழந்தையைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மருந்து எழுதுகிறார்கள். தேய்ந்துபோன சிறுநீரகத்துக்கு மட்டும் அந்தத் தராசு ஏன் கிடையாது?

கூட்டம், நேரமில்லை என்பார்கள். கூட்டம் உண்மைதான். ஆனால் இந்தக் கணக்குக்கு அரை நிமிடம் போதும். வயதும் எடையும் கொடுத்தால் லேப் கம்ப்யூட்டரே போட்டு, ரிப்போர்ட்டில் அச்சடித்துவிடும். செய்யச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

எழுபதைத் தாண்டிய நண்பர்களே, டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடையைப் பார்த்துக்கொண்டு போங்கள். "என் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பசி போனாலோ, குமட்டினாலோ, பார்வை மஞ்சளடித்தாலோ வயசின் மேல் பழி போடாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்துதான்.

அக்கா இப்போது குறைந்த அளவில்தான் சாப்பிடுகிறார். மாத்திரையைச் சொன்னேன், மீன் குழம்பை அல்ல.